டப்பாவை மாற்றும் முன்: பவுடர் பால் கைக்குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாதபோது எங்கே பார்ப்பது

மருந்துக்கடையில் நிற்பவனிடம் அடிக்கடி வரும் வேண்டுகோள் இது: "அண்ணா, இந்த டப்பா பிள்ளைக்கு ஒத்துக்கலை. வேற நல்லதா ஒண்ணு குடுங்க." என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் பதில் பல விதமாக வரும். கக்குகிறது, முக்குகிறது, பச்சையாகப் போகிறது, ராத்திரி முழுக்க அழுகை, எடை ஏறவில்லை. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு டப்பாவுக்குள் இருக்காது. ஸ்பூனில் இருக்கும், தண்ணீரில் இருக்கும், நிப்பிளில் இருக்கும், ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவில் இருக்கும். டப்பாவை மாற்றியே ஆக வேண்டிய நோய்களும் உண்டு. அவை குறைவு, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

தாய்ப்பால் கொடுக்க வழியில்லை அல்லது கூடுதலாகப் பவுடர் பால் வேண்டும் என்று டாக்டரே சொல்லிவிட்ட வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். "பால் பத்தலை" என்று நீங்களாகவே நினைத்து டப்பா வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஈரத்துணிகளை எண்ணிப் பாருங்கள். பிறந்து ஐந்து நாள் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டியிருந்தால் பால் பத்துகிறது என்று அர்த்தம். பாட்டிலை நுழைத்தால் பிள்ளை மார்பில் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் ஊறுவதும் குறையும்.

பிராண்ட் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. குழந்தைப் பால் பவுடரை விளம்பரப்படுத்தவோ இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது என்று இந்தியாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். டப்பாவில் குழந்தைப் படம் இல்லாததற்கும் "தாய்ப்பாலே சிறந்தது" என்ற வாசகம் இருப்பதற்கும் அந்தச் சட்டம்தான் காரணம். அது நல்ல சட்டம் என்பது என் கட்சி.

இவை இருந்தால் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

வாந்தி பச்சை நிறத்தில் வருகிறது. பால் குடித்த ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடித்தாற்போல வாந்தி எடுக்கிறது. மலத்தில் ரத்தம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, பால் குடிக்க வாயே திறக்கவில்லை. உதடு, முகம் வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது. இவற்றில் எதற்கும் டப்பாவை மாற்றுவது வைத்தியம் ஆகாது. 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்க அவசரம் போலவே தெரியாது. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் கண்ணும் தோலும் மஞ்சளாகவே இருக்கிறது, மலம் சுண்ணாம்பு மாதிரியோ களிமண் மாதிரியோ வெளுத்துப் போகிறது. பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்கு இப்படித்தான் இருக்கும். 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் நல்ல பலன். பிள்ளை சுறுசுறுப்பாகக் குடித்து விளையாடிக்கொண்டிருக்கும், வீட்டில் "பவுடர் பாலுக்கு மலம் வெள்ளையாத்தான் போகும்" என்பார்கள். போகாது.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது

*ஸ்பூன்.* பேரனுக்கு மலம் இறுகிவிட்டது என்று ஒரு பாட்டி வந்தார். "எத்தனை மில்லிக்கு எத்தனை ஸ்பூன் போடுறீங்க பாட்டி?" என்றேன். "கண்ணளவுதான்பா, பால் கொஞ்சம் கெட்டியா இருந்தாத்தானே பிள்ளைக்குப் பசி தாங்கும்" என்றார். பாதிக் கதை அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன். சிலவற்றில் 60 மில்லிக்கு ஒரு ஸ்பூன். ஸ்பூனின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய டப்பாவின் ஸ்பூனைப் புது டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நிறைய. டப்பா மாற்றினால் ஸ்பூனும் மாற வேண்டும், பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்பூனில் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட வேண்டும். அழுத்தி அடைக்கக் கூடாது, தட்டித் தட்டி இறக்கக் கூடாது, குவித்தும் போடக் கூடாது.

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். இந்த வரிசை முக்கியம். பவுடரை முதலில் போட்டுவிட்டு 150 மில்லிக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால், பவுடர் பிடிக்கும் இடம் போகத் தண்ணீர் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒவ்வொரு வேளையும் பால் கெட்டிதான். பவுடர் அதிகமானால் உப்பும் புரதமும் ஏறி, மலம் இறுகி, வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றும். குறைந்தால் எடை ஏறாது. தண்ணீரே ரொம்ப அதிகமாகிவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். விலை அதிகமான டப்பாவை வாங்கி, மாதக் கடைசியில் "ஒரு ஸ்பூன் குறைச்சுப் போடு" என்று இழுத்துப் பறிப்பதைவிட, மாதாமாதம் தடையில்லாமல் வாங்க முடிகிற சாதாரண டப்பாவைச் சரியான அளவில் கலந்து கொடுப்பது எவ்வளவோ மேல்.

*டப்பாவின் எண்.* 1 என்று போட்டிருப்பது ஆறு மாதம் வரை. 2 அதற்கு மேல். மூன்று மாதப் பிள்ளைக்கு 2-ஆம் எண் கொடுத்தால் "சீக்கிரம் தேறும்" என்பது வீண் ஆசை. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு, பசும்பால் அடிப்படையில் செய்த, சர்க்கரைச் சத்து லாக்டோஸாகவே (பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை) இருக்கிற சாதாரண 1-ஆம் எண் டப்பா போதும். பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், அளவில் கூடுதலாக இருப்பது முதலில் வரும். டி.எச்.ஏ. என்ற கொழுப்பு, குடலின் நல்ல கிருமிகளுக்கு உணவாகும் ப்ரீபயாட்டிக், இன்னும் என்னென்னவோ முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அடிப்படைச் சத்துகளை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி நிர்ணயிக்கிறது, மலிவான டப்பாவும் அதற்கு உட்பட்டதுதான். விலை வித்தியாசம் பெரும்பாலும் மேலே சேர்த்த சங்கதிகளுக்கு.

*தண்ணீர்.* கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்துத்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் இருக்கும் ஊர்கள் இருக்கின்றன. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தைக்கு அது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் செய்து உடம்பு நீலம் பாரிக்க வைக்கும். உரம் அதிகம் போடும் வயல்களுக்கு நடுவே இருக்கும் வீட்டுப் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

*நிப்பிள்.* பாட்டிலைத் தலைகீழாகப் பிடியுங்கள். பால் சொட்டுச் சொட்டாக, கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்றாக விழ வேண்டும். தாரையாக ஊற்றினால் பிள்ளை மூச்சு முட்டி, காற்றோடு சேர்த்து விழுங்கும். சொட்டவே இல்லை என்றால் உறிஞ்சி உறிஞ்சி வெறும் காற்றை நிரப்பிக்கொள்ளும். ஊசியைச் சுட்டுத் துளையைப் பெரிதாக்கும் கைவேலை வேண்டாம்.

"குடிச்சது எல்லாத்தையும் கக்கிடுது"

எதுக்களிப்பது வேறு, வாந்தி வேறு. குடித்து முடித்தபின் வாயோரமாகத் தயிர் மாதிரி ஒழுகுவது எதுக்களிப்பு. பிள்ளை சிரித்துக்கொண்டே கக்கும். இரைப்பையின் மேல் வாய் இன்னும் இறுகாததால் வருவது. நாலு மாத வாக்கில் உச்சத்தில் இருந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். எடை ஒழுங்காக ஏறுகிறது என்றால் சட்டை துவைக்கிற வேலைதான் கூடுதல்.

இந்தப் புகாரில் நான் முதலில் கேட்பது கணக்கு. ஒரு நாளைக்கு மொத்தம் தோராயமாகக் கிலோவுக்கு 150 மில்லி. நாலு கிலோ பிள்ளைக்கு 600 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 75. ஆனால் பாட்டிலில் 120 கலந்துவிட்டோமே, வீணாகப் போகிறதே என்று கடைசிச் சொட்டு வரை ஊட்டினால் மிச்சம் மேல்வழியாகத்தான் வரும். பிள்ளை முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள். குடித்ததும் இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்காகத்தான். கக்குகிற பிள்ளை என்பதற்காகக் குப்புறப் போடுவதோ தலையணை வைத்து உயர்த்துவதோ ஆபத்து.

கக்குவதைக் குறைக்க என்று கெட்டிப்படுத்திய டப்பா ஒன்று விற்கிறது. சில பிள்ளைகளுக்கு அது உதவும், கூடவே மலத்தையும் இறுக்கும். டாக்டர் எழுதினால் வாங்குங்கள். வீட்டிலேயே அரிசி மாவையோ பிஸ்கட்டையோ கரைத்துப் பாலைக் கெட்டியாக்காதீர்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுகிறவரிடமோ வாய் வைத்து உறிஞ்சுகிறவரிடமோ கொண்டு போகாதீர்கள். அவர்கள் "எடுத்துக்" காட்டும் பால் கட்டி யார் வாயிலிருந்து வந்தது என்பது வேறு கதை. தொண்டையில் காயமும் கிருமியும் வருவது நிச்சயமாக நடக்கிற கதை.

இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் கக்கல் நாளுக்கு நாள் பலமாகி, சுவரில் அடிக்கிற மாதிரி பீய்ச்சி, கக்கிய மறுநிமிடமே பசியோடு பாலுக்குத் தவித்தால் இரைப்பையின் கீழ்வாய் தடித்துப் போயிருக்கலாம். ஸ்கேனில் தெரியும், சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும். எந்த டப்பாவாலும் சரியாகாது.

"முக்கி முக்கி சிவந்து போகுது, மோஷன் வரலை"

வருகிற மலம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பத்து நிமிடம் முக்கி, அழுது, முகமெல்லாம் சிவந்து, கடைசியில் பசை மாதிரி மெத்தென்று வந்தால் அது மலச்சிக்கலே இல்லை. வயிற்றை அழுத்துவதும் ஆசனவாயைத் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், பிள்ளை இன்னும் அதைப் பழகிக்கொண்டிருக்கிறது. சில வாரங்களில் தானாக வசப்படும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது எல்லாம் அந்தப் பழக்கத்தைக் கெடுக்கும், புண்ணும் ஆக்கும்.

ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக, காய்ந்து வந்தால் அது மலச்சிக்கல். ஸ்பூன் கணக்குக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். தாய்ப்பாலிலிருந்து பவுடருக்கு மாறிய முதல் வாரங்களில் கொஞ்சம் இறுகுவது இயல்பு. தாய்ப்பால் புரதம் வயிற்றில் மெத்தென்று திரியும். பசும்பாலில் கேசீன் என்ற புரதம் அதிகம், கட்டியாகத் திரியும். அதைச் சமன் செய்ய வே (whey, பால் திரிந்தால் பிரியும் தெளிநீரில் உள்ளது) புரதத்தைக் கூட்டிச் செய்த டப்பாக்களும் இருக்கின்றன. வாங்குவதானால் அந்த விவரத்தைப் பார்த்து வாங்கலாம். இரும்புச்சத்தால்தான் இறுகுகிறது என்று இரும்பு குறைந்ததைத் தேட வேண்டாம், ரத்தசோகைதான் மிஞ்சும். பாலைத் தண்ணியாகக் கலப்பதும் வழியல்ல.

பிறந்து 48 மணி நேரம் வரை முதல் கறுப்பு மலமே போகாத பிள்ளைக்கு இப்போது மலச்சிக்கலும் வயிறு உப்புசமும் இருந்தால் டாக்டரிடம் அந்தப் பழைய தகவலைக் கட்டாயம் சொல்லுங்கள். பெருங்குடலில் நரம்பு வளராத நோய்க்கு அது முக்கியமான தடயம்.

பச்சையாகப் போகிறது என்று வருகிறவர்களுக்கு: இரும்புச்சத்து சேர்த்த பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் பச்சையாகப் போவது சாதாரணம். மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாமே சரி. ரத்தச் சிவப்பும், முதல் சில நாளுக்குப் பிறகு வரும் தார்க் கறுப்பும், மேலே சொன்ன வெளுப்பும்தான் சரியில்லாதவை.

"சாயந்திரம் ஆனா அழ ஆரம்பிச்சுடுது"

டப்பா அதிகம் மாறுவது இந்தப் புகாரில்தான். ஆரோக்கியமான குழந்தை, வயிறு நிறைந்த குழந்தை, சாயங்காலம் ஆனதும் காலை மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அழும். 1954-லிருந்து டாக்டர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். ஆறாவது வார வாக்கில் உச்சம், மூன்று நாலு மாதத்தில் தானாக ஓய்ந்துவிடும்.

நடப்பது இதுதான். ஐந்தாவது வாரம் முதல் டப்பா. அழுகை நிற்கவில்லை, ஏழாவது வாரம் இரண்டாவது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று பத்தாவது வாரம் லாக்டோஸ் இல்லாத டப்பா. பன்னிரண்டாவது வாரம் அழுகை நின்றுவிடும். எது குடித்தாலும் அப்போது நின்றிருக்கும். ஆனால் கடைசியாக வாங்கிய டப்பாவுக்குப் பேர் கிடைத்துவிடும். அந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கும், தெருவில் நாலு பிள்ளைக்கும் அதையே சிபாரிசு செய்வார்கள்.

லாக்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரையே லாக்டோஸ்தான், பசும்பாலைவிடக் கூடுதலாக இருக்கிறது. அதைச் செரிக்க முடியாமல் பிறப்பது மிக மிக அபூர்வம். பெரியவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது பின்னால் வருகிற சமாசாரம். கைக்குழந்தையின் அழுகைக்கு அந்தப் பெயரை ஒட்டாதீர்கள்.

செய்யக்கூடியது: பாட்டிலைக் குலுக்கி நுரை பொங்க வைத்து உடனே கொடுக்காமல், கலந்துவிட்டு நுரை அடங்கும்வரை வையுங்கள். கொடுக்கும்போது நிப்பிள் முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். தூக்கி வைத்துக்கொண்டு நடப்பது, தூளியாட்டுவது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டுவது உதவலாம். கிரைப் வாட்டர் நான் விற்கிறேன்தான்; அழுகையை நிறுத்துகிறது என்று ஆதாரம் கிடையாது. வசம்பு, உரைமருந்து, சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில்கூடத் தடவக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் முளைத்து உடம்பையே துவளச் செய்துவிடும். அம்மாவுக்கு அழுகை தாங்கவில்லை என்றால் பிள்ளையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் விலகியிருப்பதில் ஒரு தப்பும் இல்லை.

"தண்ணி தண்ணியா போகுது"

பவுடர் பால் பிள்ளைக்குப் பேதி என்றால் என் சந்தேகம் முதலில் பாட்டில் மேல்தான் விழும். நிப்பிளை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக ஒரு படலம் கையில் ஒட்டினால் அதுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பாட்டில் பிரஷ், நிப்பிள் பிரஷ் இரண்டாலும் சோப்புப் போட்டுத் தேய்த்து, எல்லாப் பாகங்களையும் தண்ணீரில் முழுக்க முங்கும்படி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். இதற்கெல்லாம் நேரமோ அடுப்போ வசதியில்லை என்றால் பாட்டிலை விட்டுவிட்டுப் பாலாடைக்கு மாறுங்கள். நம் பாட்டிகள் காலத்துச் சங்குதான். மூலை முடுக்கு இல்லை, துளை இல்லை, ஒரு தேய்ப்பில் சுத்தமாகிவிடும். குறைமாதப் பிள்ளைகள் இருக்கும் வார்டுகளில் நர்ஸ்கள் இன்றும் அதில்தான் ஊட்டுகிறார்கள்.

அடுத்தது பவுடரே. சீல் உடைக்காத டப்பாவாக இருந்தாலும் அதிலுள்ள பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பவுடரில் உயிரோடு கிடக்கும். அபூர்வமாகத்தான் தாக்கும், தாக்கினால் மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோகும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையின் பால் பவுடரைத் திரும்பப் பெற்றதும், அங்கே கடை கடையாக அலமாரி காலியானதும் இந்தக் கிருமி பற்றிய அச்சத்தால்தான். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொன்ன வழி: 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும். கொதித்த தண்ணீரை மூடி வைத்து அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் அந்தச் சூடு இருக்கும். பிறகு பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் நிறுத்தி ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சில டப்பாக்களில் வெதுவெதுப்பான தண்ணீர் என்று போட்டிருக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கும் எதைப் பின்பற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் சூட்டின் பக்கம்தான் நிற்பேன். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பிள்ளை வாய் வைத்த மிச்சம் அடுத்த வேளைக்கு ஆகாது. ராத்திரிக்கு என்று பிளாஸ்க்கில் பாலைக் கலந்து வைப்பது கிருமிக்கு வைக்கிற விருந்து. பிளாஸ்க்கில் வெந்நீர் மட்டும் வையுங்கள்.

பேதி ஆகும்போது பாலை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு உள்ளதும் 200 மில்லிக்கு உள்ளதும் தனித்தனியாக வருகிறது, படித்துப் பார்த்து முழு பாக்கெட்டையும் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். டெட்ரா பேக்கில் பழச்சாறு மாதிரி வருகிற இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். ஆகாது. ஜிங்க் மருந்து எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் வயதைப் பார்த்துச் சொல்லுவார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பேதி என்றால் சீர் தட்டிவிட்டது என்று காத்திருக்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

லாக்டோஸ் இல்லாத டப்பாவுக்கு உண்மையான வேலை வரும் இடம் இதுதான். கடுமையான பேதியில் குடலின் உட்புறத் தோல் உரிந்து, லாக்டோஸைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்துவிடும். இரண்டு வாரமாகியும் பேதி நீடித்து, மலம் நுரைத்து, புளித்த வாடையோடு, பிட்டமெல்லாம் சிவந்து வெந்து போயிருந்தால் டாக்டர் சில வாரங்களுக்கு அதை எழுதுவார். குடல் ஆறியதும் பழைய பாலுக்கே திரும்ப வேண்டும். வருடக்கணக்கில் ஓட்டுவதற்கானது அல்ல.

"மலத்துல ரத்தக்கோடு, உடம்பெல்லாம் தடிப்பு"

டப்பாதான் காரணமாக இருக்க நியாயமான வாய்ப்புள்ள இடம் இது. பசும்பால் புரத ஒவ்வாமை நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வரும். பால் குடித்த சற்று நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் என்று வரலாம். அல்லது நாட்கள் கழித்து மலத்தில் சளியும் ரத்தக்கோடும், ஆறாத கரப்பான், ஓயாத வாந்தி, எடை ஏறாமை என்று மெதுவாகவும் வரலாம்.

இங்கே தப்பான டப்பா வாங்கிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். லாக்டோஸ் இல்லாதது உதவாது, பிரச்சினை சர்க்கரையில் இல்லை, புரதத்தில். அந்த டப்பாவிலும் பால் புரதம் முழுசாக இருக்கிறது. புரதத்தை லேசாக உடைத்த 'எச்.ஏ.' வகையும் இந்த நோய்க்கு மருந்தல்ல. ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்தின் தங்கச்சி மாதிரி, பெரும்பாலான ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு அதுவும் சேராது. சோயா டப்பாவை ஆறு மாதத்துக்கு முன் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பால் சேராத பிள்ளைகளில் ஒரு பகுதிக்குச் சோயாவும் சேராது. லாக்டோஸில் உள்ள காலக்டோஸையே உடம்பு தாங்காத காலக்டோசீமியா என்ற அபூர்வ நோய்க்குத்தான் சோயா முதல் வரிசையில் வரும்.

டாக்டர் எழுதுவது, புரதத்தை நன்றாகச் சிதைத்த டப்பா. அதுவும் சேராதவர்களுக்கும், கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அமினோ அமில டப்பா, அதாவது முழுப் புரதத்துக்குப் பதில் அதன் அடிப்படைத் துணுக்குகள் மட்டும் உள்ளது. இரண்டும் விலை கூடியவை, சின்ன ஊர்க் கடைகளில் சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். கசப்பும் ஒரு மாதிரி வாடையும் இருக்கும். முதல் இரண்டு நாள் பிள்ளை முகத்தைச் சுளிக்கும், மலம் கரும்பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வாரம் கொடுத்து அறிகுறி அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் மேற்பார்வையில் பழைய பாலை மறுபடி கொடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையை "இப்பதான் நல்லா இருக்கே, எதுக்கு வம்பு" என்று தவிர்க்காதீர்கள். இல்லாத ஒவ்வாமைக்காக ஒரு வருடம் செலவழிக்க நேரும். உண்மையான ஒவ்வாமையும் பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து வயதுக்குள் விலகிவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இது வந்தால் அம்மா சாப்பாட்டில் பால் பொருளை நிறுத்துவதுதான் வழி, தாய்ப்பாலை நிறுத்துவது அல்ல.

"எடையே ஏறலை"

முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரே தராசில், துணியில்லாமல், வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாய் சேய் நல அட்டையின் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால், எதிர் வீட்டுப் பிள்ளை குண்டாக இருப்பது உங்கள் பிரச்சினை அல்ல. கோடு படுத்தால் முதலில் கலவையையும் மொத்த அளவையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து எடை ஏறவில்லை என்றால் சிறுநீர்த் தொற்று, இதயக் கோளாறு என்று பார்க்க வேண்டிய பட்டியல் டாக்டரிடம் இருக்கிறது. குடிக்கும்போது வியர்த்துக் கொட்டி, நடுநடுவே களைத்து நிறுத்துகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தைக்கான கூடுதல் கலோரி டப்பாவை நிறைமாதப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். சத்துமாவுக் கஞ்சி ஆறு மாதத்துக்குப் பிறகு.

"வாயே வைக்க மாட்டேங்குது"

நாக்கில் வழித்தாலும் போகாத வெண்படலம் இருக்கிறதா, மூக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பால் ஆறிப்போயிருக்கலாம், நிப்பிள் மாறியிருக்கலாம், புது டப்பாவின் ருசி பிடிக்காமல் இருக்கலாம். அம்மா ஊட்டினால் மார்பைத் தேடி மறுக்கும். அப்பாவோ பாட்டியோ ஊட்டிப் பாருங்கள். ஒரு வேளை மறுத்தால் கவலையில்லை. தொடர்ந்து மூன்று வேளை மறுத்தால் டாக்டர்.

"வழக்கமா வாங்குற டப்பா ஸ்டாக் இல்லை"

சாதாரண 1-ஆம் எண் டப்பாதான் குடிக்கிறது என்றால் வேறு கம்பெனியின் சாதாரண 1-ஆம் எண் டப்பாவுக்கு உடனே மாறலாம், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிகிச்சைக்காக எழுதிய டப்பா என்றால் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

அதுவரை சமாளிக்க என்று பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் பசும்பாலில் இரும்பு போதாது, உப்பும் புரதமும் சிறுநீரகத்துக்கு அதிகம், சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் செய்யும். கண்டன்ஸ்டு மில்க், பார்லித் தண்ணீர் எதுவும் ஈடாகாது. தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து தரும் பால் காய்ச்சாத பால், அதில் நோய் தீர்க்கும் சக்தி எதுவும் கிடையாது. குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசியாவில் முதலாவது 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது இருக்கிறது.

புது டப்பா வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், நசுங்கியதை வாங்காதீர்கள், திறந்த தேதியைப் பேனாவால் மூடியில் எழுதுங்கள். திறந்தபின் பெரும்பாலானவை மூன்று நாலு வாரம்தான். லேபிளில் உள்ள பேட்ச் எண்ணை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், ஏதாவது தொகுதியைத் திரும்பப் பெற்றால் அதுதான் கேட்பார்கள். டாக்டர் டப்பாவை மாற்றி எழுதினால் முதல் தடவை இருப்பதிலேயே சின்ன பேக்காக வாங்குங்கள், திறந்த டப்பாவை எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டோம்.